சாத்துக்குடித் தோல் வைத்த வாசல்

செப்டம்பர் 3, புதன்

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னதால் இதை எழுதத் தொடங்குகிறேன். "ரெண்டு பூனையும் எப்ப எங்க தூங்குது, என்ன திங்குது, எங்க ஏறுதுன்னு ஒரு நோட்டுல எழுதி வைம்மா. பிள்ளை வாரதுக்கு முந்தியே அதுக பழக்கம் உனக்குத் தெரியணும்" என்றார். நோட்டு இல்லை. அப்பாவுக்கு ஐஸ் கம்பெனியில் போன வருஷம் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. அதில் கிழமை ஒரு நாள் பின்னால் இருக்கிறது. அடித்துவிட்டு மேலே எழுதிக்கொள்கிறேன்.

மிக்சர் பெண். மூன்று நிறம். சோப்பு ஆண். முழு வெள்ளை. அம்மா படுத்திருந்த கடைசி மாதம் மழைக்கு ஒதுங்க வந்த குட்டிகள். அம்மா கட்டிலுக்கு அடியிலேயே இருந்தன. இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கட்டிலில் இப்போது நான் படுக்கிறேன். இரண்டும் என் கால்மாட்டில் தூங்கும்.

பெனிட்டா அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்து பத்து நாள் ஆகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் பார்ப்பது வழக்கம். எங்கள் வீட்டில் அப்பாவும் நானும்தான். அதனால் அக்காவின் மாமியார் அமலோற்பவம் அத்தை, பிரசவத்தைத் தங்கள் ஊர் மணப்பாட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாராம். அக்கா கேட்கவில்லை. பிள்ளை பிறந்து மூன்று மாதம் இங்கே இருப்பாள். அத்தை ஒன்று சொல்லியிருக்கிறார்: "பிள்ளை மேல பூனை நகம் பட்டுச்சுன்னு தெரிஞ்சா அன்னைக்கே காரைக் கூப்பிட்டு ரெண்டு பேரையும் ஏத்திட்டு வந்துருவேன்."

டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"வாய் பேசாதா?"

"பேசுவா டாக்டர். எப்பவாவது."

இரண்டுக்கும் வெறிநாய்க்கடி ஊசி போட்டார். பூச்சி மருந்து கொடுத்தார். பூனை போகிற மணல் தட்டை அக்கா தொடக்கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, நான்தான் தினமும் அள்ளிக் கொட்டி, சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும் என்றார். தாளில் நான் எழுதாதது அது ஒன்றுதான். ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

காலை 6: மிக்சர் அடுப்படி ஜன்னல். சோப்பு தண்ணீர்த்தொட்டி மேல். 9: இரண்டும் என் கட்டில். மதியம் 2: அக்கா கட்டில். இறக்கிவிட்டேன். 3: அக்கா கட்டில். இறக்கிவிட்டேன். 3.10: அக்கா கட்டில்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பிள்ளை அழும் சத்தம் பூனைக்குப் பழக வேண்டும். அக்கா போனில் ஒரு பிள்ளை அழுவதைக் கண்டுபிடித்து வைத்தாள். முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக வைக்க வேண்டும். மிக்சர் அலமாரிக்கு மேல் ஏறிவிட்டது. சோப்பு போனை முகர்ந்து பார்த்தது.

சத்தமாக வைத்தபோது எதிர்வீட்டு ஜெபா அக்கா சீனிக் கிண்ணத்தோடு ஓடிவந்தார். "பெறந்துட்டா? சொல்லவே இல்லியே! என்ன பிள்ளை?" அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னும் இல்லக்கா. இது பூனைக்கு." ஜெபா அக்கா கிண்ணத்தைப் பார்த்தார். சீனியைத் திரும்பக் கொண்டுபோய்விட்டார்.

அக்கா வந்த பிறகு வீட்டில் ரேடியோ போடுவதில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

பிள்ளை இருக்கப்போகும் அறைக்கு வலைக்கதவு வேண்டும். கதவை மூடினால் காற்று வராது, திறந்தால் பூனை வரும். அப்பா ஹார்பரில் இருந்து பழைய வலை கொண்டுவந்தார். சிறு கண். நெத்திலிக்குப் போடுவது. சட்டம் அடித்து, ஆணி அறைந்து மாட்டினார். "இதத் தாண்டி ஒரு ஈ போகட்டும் பாப்போம்" என்றார்.

ஈ போகவில்லை. ஆனால் சாயங்காலத்தில் இருந்து இரண்டு பூனைகளும் வலையை நக்கிக்கொண்டே இருக்கின்றன. தெருப்பூனை ஒன்றும் வந்துவிட்டது. அக்கா, "அப்பா, நீங்க கதவு போடல. ஓட்டல் தொறந்திருக்கீங்க" என்றாள். அப்பா வலையை முகர்ந்து பார்த்தார். அப்பாவுக்கு மீன்வாடை தெரியாது. அதிலேயே இருப்பவர்.

செப்டம்பர் 15, திங்கள்

வலையைக் கழற்றிச் சோப்புத்தூளில் ஊறவைத்தேன். பிறகு புளித்தண்ணீர். வாடை போகவில்லை. கடையில் கொசுவலைத் துணி வாங்கி மாட்டியாயிற்று.

அறை வாசலில் சாத்துக்குடித் தோல் வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. பூனைக்கு அந்த வாடை பிடிக்காதாம். அக்காவுக்குத் தினம் இரண்டு சாத்துக்குடி பிழிவதால் தோலுக்குக் குறைவில்லை. அடிக்கக்கூடாது, கத்தக்கூடாது, வாசல்படியைத் தாண்டினால் ஒன்றும் சொல்லாமல் தூக்கி இந்தப் பக்கம் வைக்க வேண்டும், தாண்டாமல் உட்கார்ந்தால் ஒரு துண்டு மீன் கொடுக்க வேண்டும். இன்று முப்பத்தொரு தடவை தூக்கி வைத்தேன்.

என் கட்டிலை அந்த அறையில் இருந்து எடுத்து முன்னறையில் போட்டோம். அங்கே இப்போது அக்கா கட்டிலும் தொட்டிலும் மட்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஆறு தடவை.

செப்டம்பர் 21, ஞாயிறு

பெண் பிள்ளை. காலை 10.40. இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்து பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். அதைத் தரையில் விரித்தேன். சோப்பு நெடுநேரம் முகர்ந்தது. மிக்சர் அதன் ஓரத்தில் உட்கார்ந்தது. மீன் கொடுத்தேன். பூனைகள் போன பிறகு நானும் முகர்ந்து பார்த்தேன். டாக்டரம்மா அதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

பாப்பா வீட்டுக்கு வந்தாயிற்று. ஜெபா அக்கா ஆரத்தி எடுத்தார். இந்தத் தடவை சீனியைக் கொடுத்துவிட்டார். பூனை இரண்டும் வாசல்படிக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தன. பாப்பா அழுதபோது எதுவும் ஓடவில்லை.

வேலைகள்: வெந்நீர், துணி, பூண்டுக் குழம்பு, மணல், துணி, சாம்பிராணி, துணி.

அக்காவுக்குத் தூக்கம் போதவில்லை. காலை ஆறில் இருந்து எட்டு வரை பாப்பாவை நான் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

பாப்பா தனியாக இருக்கும்போது பூனை அந்த அறையில் இருக்கக்கூடாது, ஒரு நிமிஷம்கூட. பூனை கெட்டது என்பதால் இல்லை. சூட்டுக்காகப் பிள்ளை பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும், பிள்ளைக்கு மூச்சு முட்டும், தள்ளத் தெரியாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அக்கா வாசித்துவிட்டு, "கையெழுத்து அழகா இருக்குட்டி. பள்ளிக்கூடத்தை ஏன்தான் விட்டியோ" என்றாள்.

ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். எனக்குக் குரல் வராது. அம்மா படுத்தபோது லீவு போட்டேன். அம்மா போன பிறகு யாரும் போகச் சொல்லவில்லை. அக்காவுக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

பதினாறாம் நாள். காப்புப் போட மணப்பாட்டில் இருந்து அமலோற்பவம் அத்தை வந்தார். கூட வேறு யாரும் வரவில்லை. அக்கா வீட்டுக்காரர் ரீகன் அத்தான் கப்பலில் இருக்கிறார், ஜனவரியில்தான் வருவார். அத்தை ஒரு பெட்டி உடன்குடிக் கருப்பட்டி கொண்டுவந்தார். வந்ததும் அறையைச் சுற்றிப் பார்த்தார். வலைக்கதவைத் திறந்து மூடினார். கதவில் ஒட்டியிருந்ததை வாசித்தார்.

"யாரு எழுதுனது?"

அக்கா என்னைக் காட்டினாள்.

"எழுதத் தெரியுது. வாங்கன்னு சொல்லத் தெரியல."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக் காப்பு. ரீகன் அத்தான் பிள்ளையாக இருந்தபோது போட்டது. அவர் அப்பா போட்டதும் அதுதானாம். "எங்க வீட்டுப் பிள்ளைக அம்புட்டும் போட்டு வளந்த காப்பு" என்று சொல்லிக்கொண்டே போட்டார். பாப்பாவின் கைக்குப் பெரிதாக இருந்தது. காப்பின் வாயை விரலால் நெருக்கிச் சிறிதாக்கினார். காப்பின் இரண்டு முனையிலும் குண்டு இருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் இருந்தது.

மிக்சர் வாசல்படிக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. அத்தை அதைப் பார்த்து, "என்ன, ஆபீசரு மாரி உக்காந்திருக்கு" என்றார்.

அக்டோபர் 9, வியாழன்

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அத்தை வீடியோவில் வருவார். முதலில் பாப்பாவின் முகத்தைக் காட்டச் சொல்வார். பிறகு கையை. "காப்பு கெடக்கா?" என்று கேட்பார். கிடக்கும்.

அக்டோபர் 11, சனி

பாப்பாவைக் குளிப்பாட்டிய பிறகு அக்கா காப்பின் ஒரு முனையில் பஞ்சு வைத்து நூலைச் சுற்றினாள்.

ஆறு மணிக்கு அத்தை, "அது என்ன கட்டுப் போட்ட மாரி? அழுக்கேறும். அவுத்துரு" என்றார். அக்கா அவிழ்த்துவிட்டாள்.

காப்பைச் சும்மா கழற்றி வைத்துவிட்டு ஆறு மணிக்கு மட்டும் போடலாமே என்று நான் கேட்டேன். அக்கா சொன்னாள்: "கழட்டிக் கழட்டி மாட்டுனா வளைஞ்சு ஒடிஞ்சுரும்டி. ஒடிஞ்சா நான் என்ன சொல்வேன்? கல்யாணமாகி ரெண்டாம் மாசம், குழம்புல உப்பு ஒரு கை கூடிட்டு அத்தைன்னு சிரிச்சுட்டே சொன்னேன். அதுக்கப்புறம் தீபாவளி வரைக்கும் எங்கிட்ட பேசல. உங்க அத்தான் கப்பல்ல. நானும் அவங்களுமா ஒரு வீட்டுல, சத்தமே இல்லாம. உனக்குத் தெரியாது அது எப்படி இருக்கும்னு."



அக்டோபர் 18, சனி

பூனை நகம் வெட்டினேன். நுனி மட்டும். மிக்சர் பேசாமல் இருந்தது. சோப்புக்கு அப்பாவின் லுங்கியைச் சுற்ற வேண்டியிருந்தது. பாப்பா நகத்தையும் அக்கா சின்ன நகவெட்டியால் வெட்டினாள். "நம்ம ரெண்டு பேரையும் சேத்தா நாலு பேருக்கும் ஆச்சு" என்றாள். நான் எண்ணிப் பார்த்தேன், ஐந்து பேர். சோப்பை மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தது. வயிற்றில் காற்று என்று அப்பா சொல்கிறார்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அப்பாவும் நானும் காலை ஏழரைக்கு அம்மா கல்லறைக்குப் போனோம். அக்கா பாப்பாவோடு வீட்டில். போகும்முன் மிக்சரையும் சோப்பையும் குளியலறையில் விட்டுக் கொண்டி போட்டேன். பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டு ஒன்பதரைக்குத் திரும்பினோம்.

கொண்டியைத் திறந்து இரண்டையும் வெளியே விட்டேன். மிக்சர் கத்திக்கொண்டே வந்தது. சோப்பு வாளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

பிறகு பாப்பாவைப் பார்த்தேன். இடது கன்னத்தில் ஒரு கீறல். கண்ணுக்கு ஒரு விரல் கீழே. பாப்பா அழவில்லை.

"என்னக்கா இது?"

"தெரியலட்டி. கண் அசந்துட்டேன்."

ஆறு மணிக்கு அக்கா போனை வலது கன்னம் தெரியும்படி பிடித்தாள். அத்தை, "மூஞ்சிய நேரா காட்டு" என்றார். காட்டினாள்.

"என்னது அது கன்னத்துல?"

அக்கா போனைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"பூனை அத்தை."

நான் அக்காவுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 3, திங்கள்

அடுத்த ஞாயிறு அத்தை வருகிறார். அதற்குள் பூனைகள் போயிருக்க வேண்டும். இல்லை என்றால் அக்காவும் பாப்பாவும் அன்றே மணப்பாட்டுக்குக் கிளம்ப வேண்டும். அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு அத்தையிடம், "சரி மைனி. சரி மைனி" என்று ஏழெட்டுத் தடவை சொன்னார்.

பிறகு என்னிடம், "ஹார்பர்ல கொண்டு விட்டுருவேன். அங்க மீனுக்கா பஞ்சம்? நம்ம வீட்டைவிட நல்லா இருக்கும்" என்றார்.

அக்கா சாப்பிட வரவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

காலை 6: மிக்சர் அடுப்படி ஜன்னல். சோப்பு என் கட்டில். 9: இரண்டும் வாசல்படிக்கு வெளியே. 11: அப்படியே. மதியம் 2: அப்படியே. வாசல்படி தாண்டியது: இல்லை. அக்டோபர் முழுவதும் புரட்டிப் பார்த்தேன். அக்டோபர் 3க்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை.

நவம்பர் 6, வியாழன்

அப்பா வேலைக்குப் போகும்போது சோப்பைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, மூடியில் ஓட்டை போட்டு, வண்டியில் கட்டிக்கொண்டு போனார். இரண்டையும் ஒரே நாளில் கொண்டுபோக மனது வரவில்லை, மிக்சரைச் சனிக்கிழமை கொண்டுபோகிறேன் என்றார். அதுவரை மிக்சர் குளியலறையில்.

சோப்பு பெட்டிக்குள் சத்தம் போடவில்லை.

அதன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

மிக்சர் குளியலறையில். கொண்டி போட்டிருக்கிறது. நாங்கள் குளிக்கும்போது மட்டும் அடுப்படிக்கு மாற்றி, அந்தக் கதவையும் சாத்துகிறேன்.

காலை பத்து மணி. அக்கா பாப்பாவுக்குப் பால் கொடுத்து மடியில் கிடத்தியிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து சாம்பிராணிக் கரண்டியைத் துடைத்தேன். பாப்பா இரண்டு கையையும் தூக்கி வீசியது. இப்போது அப்படித்தான் விளையாடுகிறது. வலது கை நெற்றிமேல் போய் வந்தது. காப்பின் குண்டு இல்லாத முனை. முதலில் வெள்ளையாக ஒரு கோடு. பிறகு சிவந்தது.

நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள்.

அவள் டப்பாவைத் திறந்து அதன்மேல் பவுடர் போட்டாள்.

நவம்பர் 8, சனி

அப்பாவுக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தேன். நெற்றி சுடவில்லை.

மிக்சர் குளியலறையில் கத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டு பேருக்குச் சேர்த்துக் கத்துகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

அத்தை பதினோரு மணிக்கு வந்தார். கார் வாசலில் நின்றது. டிரைவரைப் போகச் சொல்லவில்லை. கருப்பட்டிப் பெட்டியைத் திறக்காமல் மேசையில் வைத்தார். நேராகப் பாப்பாவைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பவுடரை முந்தானையால் துடைத்தார்.

"இது புதுசு."

குளியலறையில் மிக்சர் கத்தியது.

"இன்னும் வச்சிருக்கீங்க." அத்தை அப்பாவைப் பார்த்தார். "ஒரு வாரம் தந்தேன். கண்ணு போயிருந்தா யாரு பதில் சொல்றது? பொம்பளைப் பிள்ளை. மூஞ்சி முழுக்கக் கீறல்."

"ஒண்ண விட்டுட்டேன் மைனி. இன்னொண்ணு..."

"போதும் அண்ணாச்சி. பெனிட்டா, துணிய எடுத்து வை."

அக்கா எழுந்து நின்றாள். பாப்பாவின் துணிகளைக் கொடியில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஒரு துணியை மடித்துப் பிரித்து மறுபடி மடித்தாள்.

நான் டைரியை எடுத்துவந்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திறந்து அத்தையிடம் நீட்டினேன். அத்தை வாங்கவில்லை. "கண்ணாடி கொண்டு வரல. என்னன்னு வாயால சொல்லு" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்பில் எழுந்து நிற்பது போல இருந்தது. வரவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

டைரியைக் கீழே வைத்தேன். அத்தை கையில் இருந்த பாப்பாவின் பக்கத்தில் போனேன். காப்பைக் கழற்றினேன். என் இடது கையின் உள்பக்கத்தில் அந்த முனையை வைத்து இழுத்தேன். பாப்பா வீசும் அளவுக்குத்தான் அழுத்தினேன். என் தோல் கனம் என்பதால் முதல் தடவை கோடு விழவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். வெள்ளையாக ஒரு கோடு. பிறகு சிவந்தது. ஒரு இடத்தில் ரத்தம் பொட்டு மாதிரி வந்தது.

"ஏ பிள்ள! என்ன செய்யுத?"

கையைப் பாப்பாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டு கோடும் ஒரே மாதிரி.

அப்போது குரல் வந்தது. "சோப்பு வியாழக்கிழமையே போயிட்டு. மிக்சர் குளியலறையில அடைஞ்சு கெடந்துச்சு. இது வெள்ளிக்கிழமை விழுந்தது."

அத்தை பாப்பாவை அக்காவிடம் கொடுத்தார். காப்பை வாங்கிப் பெருவிரலால் முனையைத் தடவினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. ஜன்னலுக்குப் போய் வெயிலில் பார்த்தார்.

"குண்டு எப்ப விழுந்துச்சு?"

யாரும் பேசவில்லை.

"ஒருத்தராவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" அக்காவைப் பார்த்தார். "நான் என்ன, கடிச்சா தின்னுருவேன்?"

"இல்ல மைனி" என்றார் அப்பா.

"உங்களைக் கேக்கல அண்ணாச்சி."

அக்கா அழுதாள். சத்தம் இல்லாமல். அத்தை அவள் கையில் இருந்த துணிகளை வாங்கிக் கொடியில் போட்டார். ஒன்றுகூடச் சரியாகப் போடவில்லை, எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. மிக்சர் மறுபடி கத்தியது.

"முதல்ல அந்தச் சனியனத் தொறந்து விடுங்க. காதுக்குள்ள கத்துது."

திறந்துவிட்டேன். மிக்சர் ஓடிவந்து வாசல்படியில் நின்றது. தாண்டவில்லை. வழக்கமான இடத்தில் உட்கார்ந்து உடம்பை நக்கியது. அத்தை அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். சாப்பிடவில்லை. கார் போன பிறகு அப்பா கருப்பட்டிப் பெட்டியைத் திறந்து பாதிக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காய்ச்சல் சரியாகிவிட்டது.

மதியம் அக்கா என் கையில் தேங்காய் எண்ணெய் தடவினாள். "நான் சொல்லியிருக்கணும்" என்றாள்.

எந்த நாளில் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

அப்பா ஹார்பரில் சோப்பைத் தேடினார். இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

இல்லை.

நவம்பர் 12, புதன்

அங்கே வெள்ளைப் பூனை ஏழு இருக்கிறதாம். ஏழையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். ஹார்பர் முழுக்கச் சிரிப்பாம். "சோப்பு சோப்புன்னு கத்துறேன், ஒருத்தன் குளிக்கிற சோப்பைக் கொண்டுவந்து நீட்டுறான்" என்றார்.

நவம்பர் 15, சனி

சோப்பு வந்துவிட்டது. பழைய வலைக் குவியலுக்குள் இருந்ததாம். இடது காதில் ஒரு துண்டு இல்லை. அக்காவின் அறைப் பக்கம் விடவில்லை, நேராக மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா புண்ணுக்கு மருந்து போட்டார். தெள்ளுப்பூச்சிக்குப் பவுடர் கொடுத்தார். பத்து நாள் பிள்ளை இருக்கும் பக்கமே விடாதே என்றார். இந்தத் தடவை தாள் கொண்டுபோகவில்லை. மூன்று கேள்வியும் வாயால் கேட்டேன். நான்காவது மறந்துவிட்டது.

என் கையில் இருந்து மீன் வாங்க மாட்டேன் என்கிறது. தட்டில் வைத்துவிட்டு நான் நகர்ந்தால் சாப்பிடுகிறது.

நவம்பர் 23, ஞாயிறு

அத்தை வந்தார். காப்புக்கு ஆசாரியிடம் கொடுத்துப் புதுக்குண்டு வைத்திருக்கிறார். போடும்முன் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். பிறகு அக்கா கையில் கொடுத்து, "நீயும் பாரு" என்றார். அக்கா பார்த்தாள். பிறகுதான் பாப்பாவுக்குப் போட்டார்கள்.

மதியம் சாப்பிடும்போது அக்கா, "அத்தை, மீன் குழம்புல புளி கொஞ்சம் கூட" என்றாள். வைத்தது நான். ஆனால் அத்தையைப் பார்த்துச் சொன்னாள். அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கூடத்தான்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குப் புளி சரியாக இருப்பதாகத்தான் பட்டது.

போகும்போது என்னிடம் ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். நெத்திலிக் கருவாடு. "உனக்கில்ல. ஆபீசருக்கு" என்றார்.

"வாங்க" என்றேன். போகிறவரைப் பார்த்து அப்படிச் சொல்லக்கூடாது. அத்தை தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

டிசம்பர் 8, திங்கள்

சோப்பு இன்று கையில் இருந்து வாங்கியது.

டிசம்பர் 20, சனி

அக்காவுக்காக ஒரு தாள் எழுதினேன். பாப்பா எப்போது தூங்கும், எந்தப் பக்கம் கிடத்தினால் அழாது, காலை ஆறில் இருந்து எட்டு வரை எப்படி வைத்திருக்க வேண்டும். இரண்டு பக்கம் வந்தது. அக்கா நான்காக மடித்துப் பர்ஸில் வைத்தாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

மூன்று மாதம் முடிந்தது. கார் பத்து மணிக்கு வந்தது. பத்தரைக்குப் போனது.

பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 22, திங்கள்

ரேடியோவைப் போட்டேன்.

தொட்டிலைப் பிரித்துப் பரணில் வைத்தேன். வலைக்கதவை அப்பா கழற்றினார். என் கட்டிலைப் பழைய அறையிலேயே போட்டோம். சாத்துக்குடித் தோலை அள்ளி, வாசல்படியைப் பினாயில் போட்டுத் துடைத்தேன். பினாயில் வாடை போக வெறும் தண்ணீரில் இரண்டு தடவை துடைத்தேன்.

கட்டிலில் உட்கார்ந்து பூனைகளைக் கூப்பிட்டேன். இரண்டும் வந்தன. வாசல்படியில் நின்றன. தாண்டாமல் வெளியே உட்கார்ந்துகொண்டன. மறுபடி கூப்பிட்டேன். சோப்பு என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அசையவில்லை. மீன் கொடுப்பேன் என்று காத்திருந்தன.

கொடுத்தேன். சொன்னதைச் சரியாகத்தானே செய்திருக்கின்றன.

பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு வாசல்படிக்கு வெளியே வந்து படுத்தேன். மிக்சர் கால்மாட்டில் ஏறியது.